அம்புக்குறி யாரைக் காட்டுகிறது?

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். மரபணு ஆலோசனை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்கு ஒரு படுக்கைக் கோடு, பிள்ளைகளுக்கு அதிலிருந்து இறங்கும் கோடுகள். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு வெட்டு. புற்றுநோய் வந்தவர் என்றால் அவருடைய வட்டத்தையோ சதுரத்தையோ பென்சிலால் நிரப்பிவிடுவார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் கோடு இரட்டையாகும். அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டும் நம் பக்கத்துக் குடும்பங்களில் இந்த இரட்டைக் கோடு அடிக்கடி வரும். யாரால் இந்தப் படம் தொடங்கியதோ அந்த நோயாளியைக் காட்ட ஒரு சின்ன அம்புக்குறியும் உண்டு.

பெங்களூருவில் இப்படி ஓர் அறையை நினைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மாவுக்கு 44 வயது. மார்பில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. உள்ளே நாற்காலியில் மகனும் தாய்மாமனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா வெளியே பெஞ்சில், ஸ்கேன் படங்கள் இருக்கும் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். "உங்க அம்மா வழியில வேற யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்கிறார் ஆலோசகர். மகன் மாமனைப் பார்க்கிறான். "பாட்டிக்கு வயித்துல ஏதோ கட்டின்னு சொல்வாங்க. சின்ன வயசுலயே போயிட்டாங்க. எனக்கு அப்ப ஏழெட்டு வயசு" என்கிறார் மாமன். அது கர்ப்பப்பையா, சினைப்பையா, குடலா? அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வெளியே இருக்கிறார். கடைசி மாதங்களில் அந்தப் பாட்டியைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். "அம்மாவைக் கூப்பிடலாமா?" என்றால் மகனின் முகம் மாறுகிறது. "அம்மாவுக்குக் கேன்சர்னு தெரியாது மேடம். சாதாரணக் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று. நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சேர்த்துக் காட்டிய சித்திரம். அன்பில்தான் அம்மாவை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அன்பினால், கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் அறைக்கு வெளியே நிற்க நேர்கிறது. மரபணுச் சோதனை எடுப்பதா, கீமோ கொடுப்பதா, எந்த மருந்து, எவ்வளவு செலவு என்ற முடிவுகளெல்லாம் ஆய்வுக்கூடத்திலிருந்து ரிப்போர்ட் வந்த பிறகு எடுக்கப்படுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், யார் உள்ளே உட்காருகிறார், யார் வெளியே உட்காருகிறார் என்பதிலேயே அவற்றில் பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஓசூர் சாலையின் ஐம்பது ஆண்டுகள்

இந்த விஷயத்தைப் பேச பெங்களூருவை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. ஓசூர் சாலைப் பக்கம், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு அருகில் இருக்கும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் 1973இல் தொடங்கியது. விடுதலைப் போராட்ட வீரரும் நேருவின் அமைச்சரவையில் இருந்தவருமான ரஃபி அகமது கித்வாயின் பெயரைத் தாங்கியது. கர்நாடகத்தின் உள் மாவட்டங்களோடு ராயலசீமை, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும் நோயாளிகள் வரும் இடம். அங்கே காத்திருப்போர் வரிசையில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து கேட்கும். "கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு தமிழ்க்குரல் சொன்னால், கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தியாவில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று முறையாக எண்ணத் தொடங்கியதிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1982இல் முதன்முதலாக மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்த மூன்று நகரங்கள் மும்பை, சென்னை, பெங்களூரு. பெங்களூருவின் பதிவேடு கித்வாயில் இருக்கிறது. தொடக்கத்தில் பெண்களின் புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்று முதலிடத்தில் இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு மார்பகப் புற்று வந்தது. மரபணுச் சோதனை பற்றிய பேச்சு இந்த நகரத்தில் சூடு பிடித்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஆய்வுக்கூடங்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் 2000இல் தொடங்கிய ஸ்ட்ராண்ட், அதன்பின் வந்த மெட்ஜீனோம் ஆகிய நிறுவனங்கள் மரபணுவை வாசிக்கும் வேலையை இந்த ஊரிலேயே செய்யத் தொடங்கின. ஒரு காலத்தில் ரத்தக் குழாயை அமெரிக்காவுக்கு அனுப்பி, லட்சக்கணக்கில் செலவழித்து, வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற விடை இன்று உள்ளூரிலேயே, முன்பைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. விலை இறங்க இறங்க, கேட்க வேண்டிய கேள்வியும் மாறியது. "முடியுமா?" என்று கேட்ட காலம் போய், "வேண்டுமா? யாருக்காக?" என்று கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஒரே பெயரில் மூன்று சோதனைகள்

குழப்பத்தில் பெரும்பகுதி ஒரு சொல்லிலிருந்து வருகிறது. "ஜெனட்டிக் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று நோயாளிகள் சொல்லும்போது, அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முதலாவது, கட்டியின் திசுவில் செய்யப்படுவது. நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வகை. இந்திய நோயாளிகளில், நுரையீரலின் அடினோகார்சினோமா வகையில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்காவது இந்த மாற்றம் இருக்கிறது. இருந்தால் சிகிச்சையை மாத்திரையில் தொடங்கலாம்; இல்லையென்றால் பாதை வேறு. இந்த மாற்றம் கட்டிக்குள் பிறந்தது. பிள்ளைகளுக்குப் போகாது. இந்த முடிவில் குடும்பத்தின் எதிர்காலம் எதுவும் தொங்கவில்லை. இன்று எந்த மருந்து என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, கட்டி திரும்ப வரும் வாய்ப்பை மதிப்பிடும் சோதனை. ஹார்மோனுக்குக் கட்டுப்படும், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில், அறுவைக்குப் பிறகு கீமோ தேவையா என்று முடிவு செய்ய உதவுவது.

மூன்றாவதுதான் பிறவியிலேயே வந்த மாற்றத்தைத் தேடுவது. பிராக்கா ஒன்று, பிராக்கா இரண்டு என்ற மரபணுக்கள் இதில் பெயர் பெற்றவை. இதற்கு ரத்தமோ எச்சிலோ போதும். ஆனால் விடை நோயாளியோடு நிற்காது. அக்கா, தங்கை, மகள், மகன், அவர்களுடைய பிள்ளைகள் என்று இறங்கிப்போகும். மார்பகப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருபவை நூற்றில் ஐந்து முதல் பத்துதான். ஆனால் அந்தச் சிறு பங்குக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது முழு வாழ்க்கை.

மருத்துவர் இரண்டு நிமிடம் செலவழித்து, "இது உங்களுக்கான மருந்தைத் தேர்ந்தெடுக்கும் சோதனை" என்றோ, "இது உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்துப் பேசும் சோதனை" என்றோ பிரித்துச் சொன்னால் பாதி பயம் அங்கேயே விலகும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் பலியாகிறது.

விடுபட்ட இரண்டு எழுத்துகள்

மூன்றாவது வகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு பெங்களூருவிலேயே நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரமும் கித்வாயின் நோய்க்குறியியல் பேராசிரியர் கீதாஸ்ரீ முகர்ஜியும் சேர்ந்த குழு, குடும்ப வரலாறு உள்ள 61 மார்பக, சினைப்பைப் புற்று நோயாளிகளின் பிராக்கா மரபணுக்களை ஆராய்ந்தது. 17 பேரிடம் நோய்க்குக் காரணமான மாற்றங்கள் இருந்தன. வியப்பு என்னவென்றால், அந்த 17 பேரில் 10 பேரிடம் இருந்தது ஒரே மாற்றம். 185டெல்ஏஜி என்பது அதன் பெயர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகமாகக் காணப்பட்டு உலகம் அறிந்த மாற்றம் அது. தென்னிந்தியப் பெண்களில் இத்தனை பேரிடம் அது தென்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பெயர் கடினமாக இருக்கிறது; பொருள் எளிது. பிராக்கா ஒன்று மரபணுவின் வாசகத்தில், ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. உடல் மரபணுவை மும்மூன்று எழுத்தாக வாசிக்கிறது. தமிழில் மூன்றெழுத்துச் சொற்களாக ஒரு வரி எழுதுவோம்: மரம் பழம் குளம் நிலம். முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் மும்மூன்றாக வாசித்துப் பாருங்கள்: ம்பழ ம்குள ம்நில ம். ஒரு சொல் மட்டும் கெட்டிருந்தால் மிச்சத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இங்கே அதன் பின்னால் வரும் எல்லாச் சொல்லும் இடம் பெயர்ந்துவிட்டன. 1,863 கண்ணிகள் கொண்டு உருவாக வேண்டிய புரதம் 39ஆம் இடத்திலேயே நின்றுவிடுகிறது. உடைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடுவதில் பங்கு கொள்ளும் புரதம் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலும் மற்றவரின் நல்ல பிரதி பல காலம் தாக்குப்பிடிக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெடும்போது புற்றுக்கு வழி திறக்கிறது.

பிராக்கா ஒன்றில் பழுது உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 44 சதவீதம் என்று 2017இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. பிராக்கா இரண்டில் அது 69, 17 சதவீதம். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. மகளுக்கு மட்டும் அன்று, மகனுக்கும். தாய் வழியில் மட்டும் அன்று, தந்தை வழியிலும். "எங்க அம்மா பக்கம் யாருக்கும் இல்லையே" என்று நிம்மதியடையும் பெண்கள், அப்பாவின் அக்காவுக்கு என்ன நோய் என்று கேட்பதே இல்லை.

2018இல் மெட்ஜீனோம் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் நாடெங்கிலும் இருந்து 1,010 மார்பக, சினைப்பைப் புற்று நோயாளிகளைப் பரிசோதித்தபோது, சுமார் 30 சதவீதத்தினரிடம் நோய்க் காரணமான பரம்பரை மாற்றம் இருந்தது. இந்த எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். இளம் வயது, குடும்ப வரலாறு போன்ற சந்தேகம் உள்ளவர்களைத்தான் மருத்துவர்கள் இந்தச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் சந்தேகம் உள்ள இடத்தில் சோதித்தால் விடை அடிக்கடி கிடைக்கிறது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

விடை எப்போதும் "ஆம்", "இல்லை" என்று வருவதும் இல்லை. "பொருள் விளங்காத மாற்றம்" என்று ஒரு மூன்றாம் பதில் உண்டு. எழுத்து மாறியிருக்கிறது, அது தீமையானதா, வெறும் வட்டார உச்சரிப்பு போன்ற வேறுபாடா என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. உலகத் தரவுத்தளங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையவை என்பதால், நம்மவர்களுக்கு இந்தப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பை வாசித்திருக்கிறது. நம்மிடையே சாதாரணமாக இருக்கும் வேறுபாடு எது, அபூர்வமானது எது என்று தெரியத் தெரிய இந்த மூன்றாம் பதில் குறையும். அதுவரை, பொருள் விளங்காத மாற்றத்தை வைத்துக்கொண்டு யாரும் மார்பகத்தையோ சினைப்பையையோ எடுத்துவிடக் கூடாது. இதை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

கூட்டு மௌனம்

மறுபடியும் அந்த அறைக்கு வருவோம். நிம்ஹான்ஸின் மனநல மருத்துவர்கள் சந்தோஷ் சதுர்வேதியும் பிரபா சந்திராவும் கனடிய ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரை, குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து நோயாளியிடம் உண்மையை மறைக்கும் பழக்கத்தைப் பண்பாடுகளுக்கிடையே ஒப்பிட்டுப் பேசுகிறது. கூட்டு மௌனம் என்று அதை அழைக்கலாம். நம் நாட்டில் அது தீய எண்ணத்தில் பிறப்பதில்லை. "உண்மை தெரிந்தால் மனசு உடைந்துவிடும், மனசு உடைந்தால் உடம்பும் உடையும்" என்ற நம்பிக்கையில் பிறக்கிறது. நோயாளியும் பல நேரங்களில் எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருப்பார்; பிள்ளைகள் மனசு உடையக் கூடாதே என்று. இருபக்கமும் நடிப்பு.

கீமோவின்போது முடி கொட்டுகிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் பேசுகிறார். வளாகத்தின் பெயர்ப்பலகையே கண்ணில் படுகிறது. இத்தனைக்கும் நடுவில் அந்த மௌனம் நிலைப்பது கடினம். நிலைத்தாலும், மரபணுச் சோதனையில் அது உடைந்தே ஆக வேண்டும். ஒருவரின் பரம்பரையை அவருக்குத் தெரியாமல் வாசித்து, அதன் விடையை அவருடைய மகளிடம் சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1995இல் டெல்லியில் 44 வயதான ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் அதில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுயநினைவு திரும்பித் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது. பரிசோதனைக்கு வாங்கிய ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம் மகனுக்கும் மாமனுக்கும் எப்படி வரும்?

குடும்பங்கள் சொல்லும் இன்னொரு காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும்." பெண் பார்க்க வருபவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம் வெறும் கற்பனை அன்று. சோதனை எடுக்காமல் தள்ளிப்போடும் பல குடும்பங்களின் மனக்கணக்கு இதுதான். இதற்கு ஒரே பதில் ரகசியக் காப்பு. விடை சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் சித்தப்பாவுக்குக்கூடச் சொல்லப்படாது என்ற உறுதியை ஆலோசகர் முதலிலேயே தர வேண்டும். காப்பீடு பற்றிய கவலையும் உண்டு. மரபணுக் கோளாறு என்ற பொதுவான காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அப்படிப்பட்ட விலக்கு விதிகளைப் புதிய பாலிசிகளில் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. அமெரிக்காவில் 2008இலேயே வந்தது போன்ற தனிச்சட்டம் இங்கே வர வேண்டும். வந்தால் பல மகள்கள் தயங்காமல் கை நீட்டுவார்கள்.

மருத்துவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்

நோயாளியின் குழப்பத்தைப் பேசும் நாம், மருத்துவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே சரியான விடை இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பெரிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர், மருந்து சிகிச்சை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், நோய்க்குறியியலாளர் எல்லோரும் கூடிப் பேசும் "டியூமர் போர்டு" உண்டு. ஒரே கோப்பைப் பார்த்து அங்கே இரண்டு கருத்து எழுவது வழக்கம்.

இதை அளந்து பார்க்கும் வாய்ப்பு பெங்களூருவில் ஒருமுறை கிடைத்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் பயிற்றுவித்த ஐ.பி.எம். வாட்சன் கணினி அமைப்பை மணிப்பால் மருத்துவமனை கொண்டுவந்தது. 2014க்கும் 2016க்கும் இடையில் அங்கே சிகிச்சை பெற்ற 638 மார்பகப் புற்று நோயாளிகளின் விவரங்களை வாட்சனிடம் கொடுத்து, டியூமர் போர்டின் முடிவோடு ஒப்பிட்டார்கள். எஸ்.பி. சோமசேகர் தலைமையிலான குழு 2018இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. போர்டு முதலில் எடுத்த முடிவுகளோடு வாட்சன் 73 சதவீதம் ஒத்துப்போனது. வேறுபட்ட நோயாளிகளின் கோப்புகளை, அவற்றுக்கு வாட்சன் சொன்ன பதில் தெரியாமலேயே, போர்டு 2016இல் மறுபடி பார்த்தபோது ஒப்புமை 93 சதவீதமாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவ அறிவு நகர்ந்திருந்தது; அதே மருத்துவர்கள், அதே நோயாளி, வேறு முடிவு.

இதை மருத்துவரின் குறையாக நான் பார்க்கவில்லை. புதிய ஆதாரம் வந்தால் முடிவை மாற்றிக்கொள்பவரே நல்ல மருத்துவர். ஆனால் வழிகாட்டி நெறிகளுக்குள் அடங்காத ஒன்று உண்டு. இந்தப் பெண் ஓசூரிலிருந்து வாரம் ஒருமுறை பேருந்தில் வர முடியுமா? கீமோ நாளில் வீட்டில் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்? நகையை அடகு வைத்தாயிற்றா, இனிமேல்தானா? இவை எந்தக் கணினிக்கும் போவதில்லை. நோயாளியிடம் கேட்டால்தான் தெரியும்.

கீமோ வேண்டுமா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஹார்மோனுக்குக் கட்டுப்படும், ஹெர் இரண்டு என்ற புரதம் மிகையாக இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத மார்பகப் புற்றில், 21 மரபணுக்களை அளந்து ஒரு மதிப்பெண் தரும் ஆன்கோடைப் சோதனை உண்டு. 10,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018இல் வெளிவந்தது. நடுத்தர மதிப்பெண் பெற்ற பெண்களில், ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 83.3 சதவீதம் பேரும், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் 84.3 சதவீதம் பேரும் ஒன்பது ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு மட்டும் கீமோ ஓரளவு பயன் தந்தது. ஆக, பெரும்பாலான பெண்கள் முடி இழக்காமல், வாந்தி எடுக்காமல், சம்பளம் இழக்காமல் இருக்கலாம்.

ஆனால் அந்தச் சோதனைக்குக் கட்டியின் மெழுகு பிளாக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும், செலவு லட்சங்களில். தீப்பெட்டியை விடச் சின்னதான அந்த மெழுகுத் துண்டுக்குள் பெண்ணின் கட்டி உறைந்திருக்கிறது. நோயாளிக்குச் சொந்தமான அதைப் பத்திரமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. மஞ்சிரி பாக்ரே பெங்களூருவில் தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனம், மரபணுக்களுக்குப் பதிலாக ஐந்து புரதங்களையும், கட்டியின் அளவு, தரம், கணுக்களின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கேன்அசிஸ்ட் சோதனையை 2016இல் கொண்டுவந்தது. பிளாக் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, செலவும் குறைவு. டெய்லர்எக்ஸ் போன்ற பிரம்மாண்டமான நேரடி ஆய்வு இதற்குப் பின்னால் இல்லை. இதன் ஆதாரம் பெரும்பாலும் முன்பு சிகிச்சை பெற்றவர்களின் சேமிக்கப்பட்ட திசுக்களிலிருந்து வந்தது. இரண்டையும் நோயாளி முன் வைத்து, இதற்கு ஆதாரம் கூடுதல், அதற்குச் செலவு குறைவு என்று சொல்வதுதான் நேர்மை.

இங்கேதான் மருத்துவர்களிடம் ஒன்றை வேண்டிக்கொள்ள விரும்புகிறேன். வேட்டியையும் கையில் இருக்கும் மஞ்சப்பையையும் பார்த்து, "இவர்களால் முடியாது" என்று மனத்துக்குள் முடிவு செய்து, சோதனையைப் பற்றியே சொல்லாமல் விடுவது கருணையில் செய்யும் தவறு. கடனை வாங்குவதா வேண்டாமா என்று அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு. மறுபக்கம், வசதியுள்ளவர்களிடம் தேவையில்லாத நூறு மரபணுப் பட்டியலை ஒரு பேக்கேஜாக நீட்டுவதும் அதே தவறின் மறுமுகம். இரண்டிலும் நோயாளி கேட்கப்படவில்லை.

வரிசை மாறக் கூடாது

பரம்பரைச் சோதனையில் எல்லோரும் அறிய வேண்டிய ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. பயந்துபோன மகள் தனக்கு மட்டும் சோதனை செய்துகொண்டு "இல்லை" என்று விடை வந்தால், அது அரைகுறை விடை. குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது என்று தெரியாத நிலையில், அது இவளுக்கு வரவில்லையா, அல்லது அந்தச் சோதனையின் கண்ணுக்குத் தப்பியதா என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் முதலில் தேடி, இன்ன இடத்தில் இன்ன மாற்றம் என்று கண்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு உறவினருக்கும் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. அப்போது வரும் "இல்லை", முழுமையான இல்லை. அவளுடைய ஆபத்து மற்றப் பெண்களுக்கு இருக்கும் அளவுதான்.

"ஆம்" என்று வந்தால் செய்ய வழிகள் உண்டு. இளம் வயதிலேயே எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு தொடங்கலாம். பிராக்கா ஒன்று உள்ள பெண்கள், பிள்ளை பெற்று முடித்த பின் 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிடுவது பரிந்துரைக்கப்படுகிறது. சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான வழி இன்னும் இல்லை என்பதுதான் காரணம். 2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி தம் இரு மார்பகங்களையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டதை உலகுக்குச் சொன்னபோது பலர் அந்த ஒரு வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அது வழிகளில் ஒன்று, கட்டாயம் அன்று. நோய் வந்தவருக்கும் பயன் உண்டு. பிராக்கா பழுதுள்ள கட்டிகளுக்கென்றே ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன.

"சாகப் போறவளுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். அவள் கொடுக்கும் ஐந்து மில்லி ரத்தம், அவளுடைய பேத்தி வரைக்கும் போகும் தகவல். அவள் போய்விட்டால் அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிடும். அந்த வயிற்றுக் கட்டிப் பாட்டியிடம் கேட்க இன்று யாராலும் முடியாது. இப்போது கேட்கக்கூடிய நிலையில் இருப்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

எனவே ரத்தம் எடுக்கும் முன் மூன்று கேள்விகளை நோயாளியிடமே கேட்க வேண்டும். இந்த விடை வந்தால் நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள்? இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? தெரிந்துகொள்ளாமலே இருக்க விரும்புகிறீர்களா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் அதையும் மதிக்க வேண்டும். நோயாளி தானே எடுத்த முடிவாக இருந்தால், வேண்டாம் என்பதும் முடிவுதான்.

அந்த அறையில் கதவு திறந்து அம்மா உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகர் தாளை அவர் பக்கம் திருப்புகிறார். "இது நீங்க, இது உங்க அம்மா" என்று வட்டங்களைக் காட்டுகிறார். அம்மா தம் தாயின் வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கர்ப்பப்பைக்குப் பக்கத்துல முட்டை வர்ற இடத்துல கட்டின்னு தருமபுரி ஆஸ்பத்திரியில சொன்னாங்க. முப்பத்தொன்பது வயசு. எங்க பெரியம்மாவுக்கும் அதேதான்." மாமன் நிமிர்ந்து பார்க்கிறார், அவர் கேள்விப்படாத பெரியம்மா கதை அது. பென்சில் இரண்டு வட்டங்களை நிரப்புகிறது. மகன் தலை குனிந்திருக்கிறான். அம்மா அவன் பக்கம் திரும்பி, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்கிறார். பிறகு ஆலோசகரைப் பார்த்து, தம் மகளின் வட்டத்தின் மேல் விரலை வைத்துக் கேட்கிறார்: "இவளுக்காகத்தான இந்தச் சோதனை? எடுத்துக்குங்க."

வரைபடத்தின் அம்புக்குறி முதலிலிருந்தே அவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.